ஒரே தகப்பனுக்குப் பிறந்தால் அண்ணன் தம்பியா? குதிரை லாயத்தின் உறவுக் கணக்கு

கேள்வி: மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் குதிரையேற்றப் பயிற்சி நடத்தி வருகிறேன். இரண்டு குதிரைகள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். பந்தயத்திலிருந்து விலகிய ஆறு வயதுக் குதிரை, காயடித்தது. பார்த்தவுடன் பிடித்துவிட்டது. விலை பேசும்போது தரகர், "இது பெரிய கோப்பை வென்ற குதிரையின் ஹாஃப் பிரதர்" என்று சொல்லி 70,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். எப்படி என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் அப்பா ஒன்று என்றார். பந்தயத்தில் நீண்ட நாள் பழக்கமுள்ள என் மாமாவோ, "அப்பா மட்டும் ஒன்று என்றால் அது ஹாஃப் பிரதரே இல்லை" என்கிறார். அகராதியில் பார்த்தால், தாய் தந்தையரில் ஒருவர் பொதுவாக இருந்தால் போதும் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? 70,000 கொடுக்கலாமா? பயிற்சிக்கு வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: அன்புத் தம்பி, உங்கள் மாமா சொல்வதுதான் சரி. அகராதியும் பொய் சொல்லவில்லை. அது மனிதர்களின் உறவைச் சொல்கிறது. பந்தயக் குதிரை வளர்ப்பில் அந்தச் சொல்லுக்கு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே தாயின் வயிற்றில், வெவ்வேறு தகப்பன்களுக்குப் பிறந்த குட்டிகளே ஹாஃப் பிரதர், ஹாஃப் சிஸ்டர். ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவற்றுக்கு அந்த வழக்கில் உறவுப்பெயரே கிடையாது. "அதே பொலிகுதிரைக்கு (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரைக்கு) பிறந்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். 70,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கால்நடை மருத்துவக் கல்லூரியில் மரபியல் பாடம் படித்தபோது எங்களுக்கும் ஒரே காளைக்குப் பிறந்த கன்றுகள் ஒன்றுக்கொன்று பாதி உடன்பிறப்பு என்றுதான் சொல்லித்தந்தார்கள். மாட்டு வளர்ப்பில் அந்தக் கணக்கு அவசியம். செயற்கைக் கருவூட்டலில் ஒரே காளைக்கு நூற்றுக்கணக்கான பசுக்களிடம் கன்றுகள் பிறக்கும். அந்தக் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலை அளந்துதான் காளையின் தரத்தை முடிவு செய்கிறோம். அந்தப் பாடத்தோடு ஒரு குதிரைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆண்டிலேயே, விற்பனைக்குப் போகும் ஒரு வயதுக் குட்டிகளுக்குக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு குட்டிக்கு நேராக, அதே தகப்பனுக்குப் பிறந்த வெற்றிக் குதிரையின் பெயரைப் போட்டு ஹாஃப் பிரதர் என்று எழுதிவிட்டேன். அங்கே முப்பது ஆண்டுகளாக வேலை பார்த்த மூத்த சைஸ், அதாவது குதிரைகளைப் பராமரிப்பவர், ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பக்கத்தில் இருந்தவர் வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஐயா, ஆணை வைத்து உறவு சொன்னால் இந்த லாயத்தில் நிற்கிற அத்தனையும் அண்ணன் தம்பிதான். யாரை என்று எழுதுவீர்கள்? எந்த வயிற்றில் விழுந்தது என்று எழுதுங்கள்" என்றார். அன்று மாலையே அந்தக் குறிப்பை மாற்றி எழுதினேன். இந்த வழக்கத்துக்கான முழுக் காரணமும் அவர் சொன்ன அந்த மூன்று வரிகளில் இருக்கிறது.

எண்ணிக்கையைக் கொஞ்சம் பாருங்கள். பெட்டைக் குதிரை சினைப்பட்டால் ஏறத்தாழ பதினொரு மாதம் சுமக்கிறது. ஓர் ஆண்டில் ஒரு குட்டிதான். இரட்டைக் கரு தங்கினால் இரண்டுமே பிழைப்பது அரிது, தாய்க்கும் ஆபத்து. ஆகவே கருத்தரித்த பதினைந்து நாள் சுமாருக்கு ஸ்கேன் செய்து, இரண்டில் ஒன்றைக் கையால் நசுக்கி நீக்கிவிடுகிறோம். எத்தனையோ முறை இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு முறையும் மனம் இலகுவாக இருந்ததில்லை. நல்ல பெட்டை ஒன்று தன் ஆயுளில் பத்துப் பன்னிரண்டு குட்டி ஈன்றால் அதுவே நிறைவு. பொலிகுதிரையின் கதை வேறு. பெயர் வாங்கிய பொலிகுதிரையிடம் ஒரே பருவத்தில் நூற்றைம்பது பெட்டைகளுக்கு மேல்கூடக் கொண்டுவருவார்கள். பத்துப் பதினைந்து பருவம் கழிந்தால் அதன் குட்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவ்வளவும் அண்ணன் தம்பி என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? ஒரு மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது "இவர் என் சொந்தக்காரர்" என்று எல்லோரையும் காட்டுவதைப் போல ஆகிவிடும்.

இன்னும் ஓர் அடி பின்னால் போனால் தகப்பன் வழி உறவு எவ்வளவு மலிவானது என்று தெரியும். பந்தயத்துக்கென்று இங்கிலாந்தில் உருவான இனமான தரோபிரெட், மூன்று கிழக்கத்திய ஆண்குதிரைகளைத் தன் மூலத் தகப்பன்களாகச் சொல்லிக்கொள்கிறது: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். இவற்றில் டார்லி அரேபியன் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1704இல் இங்கிலாந்துக்கு வந்தது. இன்று உலகம் முழுவதும் ஓடும் தரோபிரெட் ஆண்குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை மகன், அப்பன், பாட்டன் என்று ஏறிப் போனால் அந்த ஒரு குதிரையிடம் போய்ச் சேரும். தகப்பன் வழியைக் கொண்டு உறவு கொண்டாடினால் ஏறக்குறைய எல்லாமே பங்காளிகள். தாய்வழியில் ஏறினால் அப்படி இல்லை, பல கிளைகள் பிரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர், குதிரைகளைத் தாயின் தாய், அவளுடைய தாய் என்று பின்னோக்கித் தேடி, இங்கிலாந்தின் டெர்பி, ஓக்ஸ், செயிண்ட் லெஜர் பந்தயங்களில் எந்தத் தாயின் வழி அதிகம் வென்றது என்று வரிசைப்படுத்தி, நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கு எண் கொடுத்தார். எண்ணைப் பார்த்து வெற்றியைக் கணிக்கலாம் என்ற அவருடைய எண்ணம் நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்ப எண்கள் விற்பனைப் பட்டியல்களில் இன்றும் அச்சாகின்றன. அரபு நாட்டுப் பதூயின் மக்களும் குதிரையின் குலப்பெயரைத் தாயிடமிருந்துதான் எடுத்தார்கள். குஹைலான், சக்லாவி, ஹம்தானி என்று சொல்லும் குலங்கள் எல்லாம் தாய்வழியே இறங்குபவை.

நம் ஊர்ச் சந்தையிலும் இந்தப் பழக்கம் உண்டு. காங்கேயம் பக்கம் மாடு வாங்கப் போகிறவர், கிடாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு முதலில் கேட்பது "தாய் எவ்வளவு கறக்கும்?" என்பதுதான். பிறகு, "எத்தனையாவது ஈற்று?" தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று தாயை வைத்து எண்ணுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. காளைக்கு அப்படி ஓர் எண்ணிக்கைச் சொல்லை நான் கேட்டதில்லை.

அப்படியென்றால் நம் வீடுகளில் மட்டும் ஏன் தலைகீழாகத் தோன்றுகிறது? தகப்பன் ஒன்று, தாய் வேறு என்பதுதான் நம் குடும்பங்களில் அதிகம் கண்ட நிலை. மூத்த தாரத்துப் பிள்ளை, இளைய தாரத்துப் பிள்ளை என்று சொல்வோம். ஆகவே ஹாஃப் பிரதர் என்று கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு இரண்டு தாரத்துப் பிள்ளைகளே நினைவுக்கு வருகிறார்கள். தரகருக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ஆனால் குதிரை விற்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவருடைய கடமை.

இதைப் புரிந்துகொள்ள நம் இரண்டு பெருங்கதைகளே போதும். தசரதனுக்குக் கோசலை வயிற்றில் பிறந்தவன் இராமன், கைகேயி வயிற்றில் பிறந்தவன் பரதன். அவர்களைப் போன்ற அண்ணன் தம்பியை நாம் வேறெங்கே தேடுவோம்? ஆனால் லாயத்து வழக்கில் இராமனும் பரதனும் வெறுமனே ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள், உறவுப்பெயர் இல்லை. சுமித்திரை பெற்ற இலக்குவனும் சத்துருக்கனனும் மட்டும் முழுச் சகோதரர்கள். குந்தியின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்குக் கர்ணன், தருமதேவனுக்குத் தருமன், வாயுவுக்கு வீமன், இந்திரனுக்கு அருச்சுனன். தகப்பன்மார் நால்வர், வயிறு ஒன்று. குதிரை வளர்ப்பவர் ஹாஃப் பிரதர் என்று சொல்வது சரியாக இந்த நால்வரைப் போன்றவர்களை. குதிரைகளின் இயல்பறிந்தவன் என்று பாரதம் புகழும் நகுலனுக்குத்தான் இந்தக் கணக்கில் அருச்சுனனோடு உறவு அற்றுப்போகிறது. அவன் மாத்திரியின் மகன்.

"தசரதனுக்குக் கோசலை வயிற்றில் பிறந்தான்" என்று சொன்னேன் அல்லவா, அந்த அமைப்பைக் கையேட்டுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் குறிப்புகளில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'பை' என்றும், தாய் பெயருக்கு முன்னால் 'அவுட் ஆஃப்' என்றும் போடுவார்கள். மொழிபெயர்ப்பவர்கள் இதை "மூலம்", "வெளியே" என்றெல்லாம் எழுதித் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் மொழியில் இதற்கு நூற்றாண்டுகளாக வழக்கு இருக்கிறது. இன்னாருக்கு, இன்னாள் வயிற்றில். அவ்வளவுதான்.

இனி உண்மைக் குதிரைகளைப் பார்ப்போம். அர்பன் ஸீ என்ற பெட்டைக் குதிரை 1993இல் பாரிஸில் நடக்கும் ஆர்க் பந்தயத்தை வென்றது. அது சேட்லர்ஸ் வெல்ஸ் என்ற பொலிகுதிரைக்கு ஈன்ற குட்டி கலிலியோ. 2001இல் இங்கிலாந்தின் எப்ஸம் டெர்பி பந்தயத்தை வென்றது. அதே அர்பன் ஸீ, கேப் கிராஸ் என்ற பொலிகுதிரைக்கு ஈன்றது ஸீ த ஸ்டார்ஸ். 2009இல் எப்ஸம் டெர்பியையும் வென்று, தாய் வென்ற ஆர்க் பந்தயத்தையும் வென்றது. கலிலியோவும் ஸீ த ஸ்டார்ஸும் ஹாஃப் பிரதர். உலகம் முழுவதும் பந்தய எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஒரே வயிற்றில் இரண்டு டெர்பி வெற்றியாளர்கள் பிறப்பது எவ்வளவு அபூர்வம் என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு அங்கே கனம் வந்தது. அந்தத் தாய் 2009இல், கடைசிக் குட்டியை ஈன்ற பிறகு இறந்துபோனது.

கலிலியோ பின்னாளில் பொலிகுதிரையாகி, 2021இல் இறக்கும் முன் ஆயிரக்கணக்கான குட்டிகளுக்குத் தகப்பனானது. அவற்றில் ஐந்து எப்ஸம் டெர்பி வென்றன: 2008இல் நியூ அப்ரோச், 2013இல் ரூலர் ஆஃப் த வேர்ல்ட், 2014இல் ஆஸ்திரேலியா, 2019இல் ஆண்டனி வான் டைக், 2020இல் செர்பன்டைன். ஐந்தும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. ஆயினும் பழகிய பந்தய எழுத்தாளர் எவரும் இவற்றை ஒன்றுக்கொன்று ஹாஃப் பிரதர் என்று எழுத மாட்டார். கலிலியோவின் பிள்ளைகள் என்றுதான் எழுதுவார். உங்கள் தரகர் சொல்வது இந்த வகையைச் சேர்ந்தது.

இந்தக் குடும்பத்திலேயே அடுத்த நுட்பமும் இருக்கிறது. ஓடிய பதினான்கு பந்தயங்களிலும் வென்று, ஒருமுறையும் தோற்காமல் ஓய்வு பெற்ற ஃபிராங்கல், கலிலியோவுக்குக் கைண்ட் என்ற பெட்டையின் வயிற்றில் பிறந்தது. நோபிள் மிஷனும் அதே தாய், அதே தகப்பன். ஆகவே இரண்டும் முழுச் சகோதரர்கள். புல்லட் டிரெய்ன் என்ற குதிரை ஃபிராங்கலுக்கு ஓர் ஆண்டு மூத்தது. பல பந்தயங்களில் ஃபிராங்கலுக்கு முன்னே ஓடி வேகத்தை ஏற்றிக்கொடுத்த குதிரை அதுதான். அதற்கும் தாய் கைண்ட். ஆனால் தகப்பன் கலிலியோ அல்ல, கலிலியோவின் தகப்பனான சேட்லர்ஸ் வெல்ஸ். தாய் ஒன்று, தகப்பன்கள் ஒருவருக்கொருவர் அப்பனும் மகனும். இந்த உறவுக்கு முக்கால் சகோதரன் என்று பெயர். பெயர் விளையாட்டாக வைத்ததல்ல, கணக்கும் ஒத்துவருகிறது. முழு உடன்பிறப்புகள் சராசரியாகப் பாதி மரபுப் பங்கைப் பகிர்கின்றன, ஒரு பக்க உடன்பிறப்புகள் கால் பங்கை. புல்லட் டிரெய்னையும் ஃபிராங்கலையும், தாய் தந்தையருக்கு இடையே முன்னோர் வழியில் உள்ள வேறு தொடர்புகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், நூற்றுக்கு முப்பத்தேழரை வருகிறது. ஐம்பதில் சரியாக முக்கால்.

ஒரே தகப்பன், தாய்கள் இருவரும் கூடப்பிறந்த அக்கா தங்கை என்றால், அவற்றை ரத்தச் சகோதரர்கள் என்பார்கள். கணக்குப்படி அங்கேயும் அதே முப்பத்தேழரைதான். ஆனால் வயிறு வேறு என்பதால் சகோதரர் என்ற சொல்லுக்கு முன்னால் 'ரத்த' என்ற அடைமொழி கட்டாயம் வேண்டும். லாயத்து வழக்கு எவ்வளவு பிடிவாதமாக வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெறும் மரபணுக் கணக்கில், ஒரே தகப்பனுக்குப் பிறந்த குதிரைகளும் அதே கால் பங்கைப் பகிர்கின்றன. தகப்பன் கொடுப்பது தாய் கொடுப்பதற்குக் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தாய் கூடுதலாகக் கொடுப்பவை சில உண்டு. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. கருப்பையின் இடம், பால், குட்டி முதல் ஆறு மாதம் பார்த்துப் பழகும் குணம் எல்லாம் தாயுடையவை. கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹாமண்டும் 1938இல் வெளியிட்ட சோதனையை எங்கள் ஆசிரியர் சொல்லக் கேட்டு அசந்துபோனேன். பாரம் இழுக்கும் மிகப் பெரிய ஷயர் குதிரையையும் இடுப்புயரம்கூட வராத ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இரு விதமாகவும் கலந்தார்கள். ஷயர் வயிற்றில் வளர்ந்த குட்டியும் ஷெட்லாண்ட் வயிற்றில் வளர்ந்த குட்டியும் மரபில் ஒரே கலவைதான். ஆனால் ஷயர் ஈன்ற குட்டி பிறக்கும்போது மற்றதைவிட மூன்று மடங்கு அளவுக்குப் பெரியது. வயிறு குட்டியின் அளவைத் தீர்மானித்துவிட்டது. ஆனாலும் இந்தச் சொல்வழக்கு பிறந்தது இந்த அறிவியலால் அல்ல. அந்த மூத்த சைஸ் சொன்ன காரணம்தான். ஆண்வழி உறவு மலிவு, பெண்வழி உறவு அரிது.

தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 'அரைச் சகோதரன்' வேண்டாம். அது ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. உங்களிடம் இருக்கும் குழப்பத்தை அப்படியே வாசகருக்கும் கடத்திவிடும். 'ஒன்றுவிட்ட சகோதரன்' முழுத் தவறு. அது சித்தப்பா, பெரியப்பா பிள்ளையைக் குறிக்கும். 'தாய்வழிச் சகோதரன்' என்றால் சிலர் சித்தி மகனை நினைப்பார்கள். என் விருப்பம் 'ஒருவயிற்றுச் சகோதரன்'. பழந்தமிழில் 'உடன்வயிறு' என்ற சொல்லே உண்டு. புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஒரு தாயின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் அது வருகிறது. சகோதரன் என்ற வடசொல்லைப் பிரித்தாலும் 'சக உதரம்', ஒரே வயிறு என்றுதான் பொருள். அதாவது குதிரை வளர்ப்பவர்கள் இன்றும் காப்பாற்றி வரும் பொருள், நாம் தினமும் சொல்லும் சொல்லுக்குள்ளேயே இருந்துவந்திருக்கிறது. முதல்முறை அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் இடத்தில் 'தாய் ஒன்று, தகப்பன் வேறு' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் முழுச் சகோதரன். தகப்பன் மட்டும் ஒன்றென்றால் 'இன்ன பொலிகுதிரைக்குப் பிறந்த மற்றொரு குதிரை'. பெயர் நீளமாக இருக்கிறது என்று சுருக்கிவிடாதீர்கள். அந்த நீளம்தான் வாங்குகிறவரைக் காப்பாற்றும்.

இப்போது உங்கள் குதிரை. தரகரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்தக் கோப்பை வென்ற குதிரையின் தாய் யார், இதன் தாய் யார்? வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். இந்தியாவில் தரோபிரெட் குதிரைகளின் பிறப்புப் பதிவை இந்திய ஸ்டட் புக் ஆணையம் வைத்திருக்கிறது. பதிவான குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. அதில் தாய், தகப்பன், பிறந்த தேதி, நிறம், நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளை அடையாளங்கள், சுழிகள் எல்லாம் இருக்கும். கழுத்தில் உள்ள மைக்ரோசிப் எண்ணைக் கருவி வைத்துப் படித்து, பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சொன்னால், கூடுதல் தொகை என்ன, அடிப்படை விலையையே மறுபடி பேச வேண்டும்.

ஒருவேளை தாயும் ஒன்றென்றே தெரியவந்தாலும் என் பதில் மாறாது. உங்களிடம் வருவது காயடித்த குதிரை. அது எந்தக் குட்டிக்கும் தகப்பனாகப் போவதில்லை. வம்சாவளியின் சந்தை மதிப்பு இனப்பெருக்கத்துக்கும் இன்னும் ஓடாத குட்டிக்கும் உரியது. ஓடி முடித்த, காயடித்த குதிரைக்கு அதைச் சேர்த்து விலை வைப்பதில் நியாயம் இல்லை. உறவு ஓட்டத்தைக் கொண்டுவரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை முப்பத்தோரு குதிரை நீள இடைவெளியில் வென்ற அமெரிக்கக் குதிரை செக்ரட்டேரியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது போல்ட் ரூலருக்கு, சம்திங்ராயல் என்ற பெட்டையின் வயிற்றில் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த முழுச் சகோதரி ஒன்று உண்டு, த பிரைட் என்று பெயர். அது ஒரு பந்தயத்தில்கூட வெல்லவில்லை. முழு ரத்தத்துக்கே இதுதான் கதை.

உங்களிடம் ஏறப்போகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியது பொறுமையான, கால் உறுதியான குதிரை. ஆகவே அந்த 70,000இல் ஒரு பகுதியைச் செலவழித்து, தரகருக்குத் தொடர்பில்லாத ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துச் செல்லுங்கள். முன்னங்கால் இரண்டின் பின்பக்கத் தசைநாரையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை விரலால் நீவிப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தயக் குதிரையின் பழைய காயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்; வீங்கி ஆறிய இடம் வில்போல் வளைந்து நிற்கும், சில சமயம் சூடும் இருக்கும். கடினமான தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டு, தலை மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். லாயத்தில் யாரும் இல்லாதபோது அரை மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். மரச்சட்டத்தைக் கடித்துக் காற்றை விழுங்குகிறதா, இடமும் வலமும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் உங்கள் மற்ற இரண்டு குதிரைகளின் பக்கத்தில் கட்டவே கூடாது. அது மனிதர்களுக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும்.

இவையெல்லாம் நன்றாக வந்தால், குதிரையைக் குதிரைக்குரிய விலைக்கு வாங்குங்கள். வாங்கியவுடன் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள். பந்தயத்தில் இருந்தவரை அதற்குத் தெரிந்ததெல்லாம் வேகம், அடர்ந்த தீனி, நாளில் பெரும்பகுதி அடைப்பு. சில மாதம் வெளியில் மேயவிட்டு, தீனியைக் குறைத்து, நீங்களே ஏறி நடை பழக்குங்கள்.

மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தரகர் பாஸ்போர்ட்டைக் காட்டினால், தாயின் பெயர் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தாயின் தாய் வரை பார்த்து, யார் யாருக்கு யார் என்று எழுதுகிறேன்.